சிலை மீது முகம் உருமாறும் ப்ரொஜெக்ஷன் மேப்பிங்: மூக்கு வழுக்குகிறது, நடுவில் இரட்டை முகம் தெரிகிறது

களிமண்முகம் (கேள்வி)

வணக்கம். ஒரு பொருளின் வடிவத்துக்குப் பொருத்தி அதன் மேல் படம் விழவைக்கும் ப்ரொஜெக்ஷன் மேப்பிங் செய்து பார்க்கிறேன். 45 செ.மீ. உயரத்தில் ஒரு பிளாஸ்டர் மார்பளவுச் சிலை, மேட் வெள்ளை பெயின்ட் அடித்தது. டிஎல்பி ப்ரொஜெக்டர் 3000 லூமென், 1920×1080, த்ரோ விகிதம் (தூரம் ÷ பட அகலம்) 1.5. சிலைக்கு நேரே 1.2 மீட்டரில் ஸ்டாண்டில் இருக்கிறது. செய்ய நினைப்பது 40 விநாடி லூப்: இளம்பெண்ணின் முகம் கிழவியாகி, கல்லாகி, கடைசியில் புலிமுகமாக வேண்டும். நடுவில் அவள் பேசவும் வேண்டும், கண்ணைச் சுழற்றிப் பார்க்கவும் வேண்டும்.

இப்போது முகங்களை 2டியில் வரைந்து ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அனிமேட் செய்து, மேட்மேப்பர் என்ற மேப்பிங் மென்பொருளில் மெஷ் வார்ப் (படத்தை வலைப்புள்ளிகளால் இழுத்து வளைப்பது) போட்டுப் பொருத்துகிறேன். தொல்லைகள் நான்கு. கண்ணைச் சரியாக உட்கார வைத்தால் வாய் நகர்ந்துவிடுகிறது, வாயைச் சரிசெய்தால் மூக்கு கன்னத்துக்கு வழுக்குகிறது. ஒரு முகத்திலிருந்து இன்னொன்றுக்கு கிராஸ்ஃபேட் (ஒன்று மங்க மற்றொன்று தெளிவது) கொடுத்தால் நடுவில் நாலு கண் தெரிகிறது. பேசும்போது வாய் திறப்பது தாடை மேல் ஸ்டிக்கர் ஒட்டியது போல இருக்கிறது. சிலையைச் சுற்றி ஒரு சாம்பல் செவ்வகம் எப்போதும் நிற்கிறது.

3டி மாடல் எடுத்துத்தான் ஆக வேண்டுமா, இல்லை அனிமேஷன் முறையிலேயே தவறா?

ஒளிக்கோடு

3டி மாடல் எடுங்கள். நாலு மூலையை இழுத்துப் பொருத்தும் வார்ப் தட்டையான பரப்புக்கு மட்டும்தான் கணக்காக உட்காரும். மூக்கு நுனிக்கும் காதுக்கும் 12 செ.மீ. ஆழ வித்தியாசம் இருக்கும் முகத்தில், ஒரு ஆழத்துக்குப் பொருந்திய வார்ப் இன்னொரு ஆழத்துக்குப் பொருந்தாது. மெஷ் வார்ப்பில் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போகலாம்தான், ஆனால் அது அந்த ஒரு படத்துக்கு மட்டும் கையால் செய்த ஒட்டு வேலை. ப்ரொஜெக்டர் கொஞ்சம் அசைந்தால் எல்லாம் முதலிலிருந்து.

முதலில் ப்ரொஜெக்டரைச் சுத்தமாக்குங்கள். கீஸ்டோன் (சாய்வுத் திருத்தம்) பூஜ்யம், டிஜிட்டல் ஜூம் பூஜ்யம், ஓவர்ஸ்கேன் (பட ஓரத்தை வெட்டிப் பெரிதாக்குவது), ஷார்ப்னஸ் இரண்டும் அணைந்திருக்க வேண்டும். கணினியில் டிஸ்ப்ளே ஸ்கேலிங் 100 சதவீதம். ஒரு பிக்சல் கருப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்ற சதுரங்கப் பேட்டர்னை முழுத்திரையில் விடுங்கள். ஒரே சீரான சாம்பலாகத் தெரிந்தால் சரி. அலை அலையாகப் பட்டை தெரிந்தால் எங்கோ ஒரு ஸ்கேலிங் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போக வேண்டாம். காட்சிக்கேற்ப வெளிச்சத்தைத் தானாக மாற்றும் ஆட்டோ ஐரிஸ், டைனமிக் கான்ட்ராஸ்ட் இரண்டையும் அணையுங்கள். இல்லையென்றால் உங்கள் பாத்திரம் கண்ணை மூடும்போதெல்லாம் முகம் முழுக்க வெளிச்சம் ஏறி இறங்கும்.

ஸ்கேன்: வெறும் வெள்ளை பிளாஸ்டரை பல புகைப்படங்களிலிருந்து 3டி மாடல் எடுக்கும் ஃபோட்டோகிராமெட்ரி மென்பொருளால் பிடிக்க முடியாது, பற்றிக்கொள்ள எந்த அடையாளமும் இல்லை. 1 மி.மீ. பென்சில் புள்ளிகளை முகம் முழுக்க, தோள் வரை தெளித்தாற்போல வையுங்கள். சிலைக்கு அடியில் அச்சடித்த தாள் ஒன்றை விரியுங்கள். மூன்று உயரங்களில் சுற்றி வந்து 60 முதல் 80 படம், அடுத்தடுத்த படங்கள் 70 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி. சிலையைத் திருப்பாதீர்கள், கேமராதான் சுற்ற வேண்டும். பிறகு மாடலை 50,000 முக்கோணத்துக்குக் குறைத்து, ஸ்கேலால் அளந்து உண்மை அளவுக்குக் கொண்டுவாருங்கள். அந்தப் பென்சில் புள்ளிகள் மாடலின் டெக்ஸ்சரிலும் (மேற்பரப்புப் படத்திலும்) பதிந்திருக்கும். ப்ரொஜெக்டரைப் பொருத்த அவற்றையே பயன்படுத்துங்கள். பிளாஸ்டரில் கூர்மையான மூலை எதுவும் கிடையாது; 'வாயின் ஓரம்' என்று குத்துமதிப்பாகச் சொடுக்கினால் பிழை அங்கேயே தொடங்கிவிடும்.

பொருத்துதல்: நேரடிக் காட்சி மென்பொருளான டச்டிசைனரில், ப்ரொஜெக்டரின் இடத்தைக் கணக்கிடும் கேம்ஷ்நாப்பர் என்ற கருவி இருக்கிறது. மாடலில் ஒரு புள்ளியைச் சொடுக்கி, ப்ரொஜெக்டர் காட்டும் குறியை நிஜச் சிலையில் அதே பென்சில் புள்ளி மேல் நகர்த்த வேண்டும். கணக்குப்படி குறைந்தது 6 புள்ளிகள், அவை ஒரே தளத்தில் இருக்கக் கூடாது. 10 அல்லது 12 எடுங்கள். எல்லாவற்றையும் கண்ணையும் வாயையும் சுற்றியே வைத்தால் ஆழம் சரியாகக் கிடைக்காது; மூக்கு நுனி, இரண்டு காதோரம், தலை உச்சி, தோள் இரண்டு என்று ஆழத்திலும் பரப்புங்கள். சராசரிப் பிழை ஒன்றரை பிக்சலுக்குள் வந்தால் நிறுத்தலாம். ஒன்று மட்டும் கவனம்: டச்டிசைனரின் இலவசப் பதிப்பில் ரெண்டர் 1280×1280ஐத் தாண்டாது.

பிளெண்டரில் (3டி மென்பொருள்) கையால் கேமரா வைத்துப் பொருத்துகிறவர்கள் ஒரு இடத்தில் கட்டாயம் மாட்டுவார்கள். ப்ரொஜெக்டர் லென்ஸின் அச்சு படத்தின் நடுவில் இருக்காது. மேஜையில் வைக்கும் பல மாடல்களில் அது படத்தின் அடி விளிம்பை ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருக்கும். அச்சு சரியாக அடி விளிம்பில் என்றால் பிளெண்டர் கேமராவில் ஷிஃப்ட் ஒய் (படத்தை மேல்கீழாக நகர்த்தும் எண்) 540/1920, அதாவது 0.28. இதை விட்டுவிட்டுக் கேமராவைச் சாய்த்துச் சமாளித்தால் நெற்றி பொருந்தும், தாடை பொருந்தாது.

ஃபோகஸையும் சொல்லிவிடுகிறேன். மூக்கு நுனியில் ஃபோகஸ் வைக்காதீர்கள். லென்ஸ் துவாரம் 9 மி.மீ. என்று வைத்தால், 1.2 மீட்டரில் ஃபோகஸ் தளத்திலிருந்து 6 செ.மீ. விலகிய இடத்தில் மங்கல் சுமார் 0.45 மி.மீ. உங்கள் அமைப்பில் ஒரு பிக்சலே 0.42 மி.மீ. (45 செ.மீ. உயரம், 1080 வரி). ஆக கன்ன எலும்பில் ஃபோகஸ் வைத்தால் மூக்கும் காதும் ஏறக்குறைய ஒரு பிக்சல்தான் மங்கும். மூக்கு நுனியில் வைத்தால் காது இரண்டு பிக்சல் மங்கும்.

சட்டகம்

அனிமேஷன் பக்கம் நான் சொல்கிறேன். மேலே சொன்ன பொருத்தம் எவ்வளவு துல்லியமாக வந்தாலும் உங்கள் இரண்டாவது, மூன்றாவது தொல்லை தீராது. சிலையின் மூக்கு நகராது, முக விளிம்பு நகராது, கண்குழி இடம் மாறாது. இந்த மூன்றோடு சண்டை போடும் எந்த அசைவும் தோற்கும். 1969-இல் டிஸ்னிலேண்டின் ஹான்டட் மேன்ஷனில் பாடும் சிலைகளைச் செய்தபோதே இந்த விதிதான்: தலையை அசைக்காமல் பாடியவர்களின் படத்தைத்தான் அசையாத சிலை மேல் விட்டார்கள். தலையாட்டல், முகம் திருப்பல் இரண்டையும் உங்கள் ஸ்டோரிபோர்டிலிருந்து எடுத்துவிடுங்கள். மிச்சம் இருப்பதே நிறைய.

மாடலுக்கு இரண்டு யூவி மேப் (2டி படத்தின் எந்த இடம் மாடலின் எந்த இடத்தில் உட்காரும் என்ற வரைபடம்) வையுங்கள். முதலாவது வழக்கம்போல் விரித்த யூவி. தோல் நிறம், சுருக்கம், கல் வெடிப்பு, புலியின் வரி, பரவும் மாஸ்க் (படத்தின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று சொல்லும் வடிவம்) எல்லாம் இதில். இவை பரப்போடு ஒட்டியே நகர்வதால் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் சரியாக இருக்கும்.

இரண்டாவது, பார்வையாளர் நிற்கும் இடத்தில் ஒரு கேமரா வைத்து, பிளெண்டரின் யூவி ப்ராஜெக்ட் மாடிஃபையரை ஒரே ஒரு முறை அப்ளை செய்து எடுக்கும் யூவி. சிலையும் அசையாது, அந்தக் கேமராவும் அசையாது என்பதால் இந்த மேப் ஒரு தடவை எடுத்தால் போதும். இனி பாத்திரத்தின் ரிக்கை (அசைக்கக்கூடிய 3டி முகத்தை) அந்தக் கேமராவிலிருந்து ரெண்டர் செய்த வீடியோவை அப்படியே டெக்ஸ்சராகப் போடலாம். உண்மையில் இல்லாத ஆழம், அதாவது வாய்க்குள் இருட்டு, பல், நாக்கு, கண்குழிக்குள் உருளும் விழி ஆகியவை பரப்புக்குப் பின்னால் இருப்பதாகத் தெரியும். மெஷ் அடர்த்தியாக இருக்க வேண்டும். பெரிய முக்கோணங்கள் இருந்தால் இந்த மேப்பில் கோடு வளையும். 50,000 போதும்.

இந்தப் பொய் ஆழத்துக்கு ஒரு வரம்பு உண்டு. பரப்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே இருப்பதாகக் காட்டும் ஒன்றை 30 பாகை பக்கவாட்டில் நின்று பார்த்தால் அது கிட்டத்தட்ட 6 மி.மீ. இடம் தவறித் தெரியும். வாய்க்கு அது பரவாயில்லை. 3 செ.மீ. நீண்ட புலி மூஞ்சிக்கு அது உதவாது.

வாய்: தாடையை முழுசாக இறக்காதீர்கள். உதடுகளுக்கு நடுவே அதிகபட்சம் 10 முதல் 12 மி.மீ. திறப்பு, அதில் மேல் உதடு 2 மி.மீ. ஏறட்டும், மீதி கீழ் உதடு. ஸ்டிக்கர் போலத் தெரிவதற்குக் காரணம் வாய் திறக்கிறது, ஆனால் சுற்றி எதுவுமே மாறவில்லை. மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பு ஆழமாக வேண்டும், கீழ் உதட்டுக்கு அடியில் நிழல் குறுகி இறங்க வேண்டும், கன்னத்தின் வெளிச்சம் ஒரு சாயல் கீழே சரிய வேண்டும், தாடைக்கு அடியில் கழுத்தில் விழும் நிழல் 5, 6 மி.மீ. நீள வேண்டும். தாடையின் நிஜ விளிம்பு அசையவே இல்லை, ஆனால் கழுத்து நிழல் அசைவதால் தாடை இறங்கியதாகக் கண் நம்பிவிடும். சிலையின் உதடுகள் செதுக்கும்போதே பிரிந்திருந்தால், அந்தப் பிளவை ஃபில்லரால் நிரப்பித் தேய்த்துவிடுங்கள். கண்பாவை குழிந்து செதுக்கியிருந்தாலும் அப்படியே, வழவழவென்று வெளிக்குவிந்த கண் வேண்டும்.

கண் அசைவு மெதுவாக நகரக் கூடாது. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு 1 அல்லது 2 ஃப்ரேமில் தாவி அங்கே நிற்கட்டும். இமை மூட 2, 3 ஃப்ரேம், திறக்க 4, 5 ஃப்ரேம். (30 ஃப்ரேம் கணக்கு.) இமை விளிம்புக்குக் கீழே விழியின் மேல் 2, 3 பிக்சல் மெல்லிய நிழல் கட்டாயம் வையுங்கள். அது இல்லையென்றால் விழி இமைக்கு மேலே மிதக்கும்.

இனி உருமாற்றம். கிராஸ்ஃபேட் ஏன் கெடுகிறது என்றால், பாதி வழியில் இரண்டு முகமும் ஐம்பது ஐம்பது. இரண்டின் கருமையும் அழிந்து சாம்பலாகிறது, கண்கள் ஒரே இடத்தில் இல்லாததால் இரட்டிக்கின்றன. ஆகவே எல்லா முகத்துக்கும் கண் மையம், மூக்குத் தண்டு, வாய்க் கோடு மூன்றையும் சிலையில் உள்ள இடத்திலேயே ஆணியடியுங்கள். நிஜப் புலியின் மூக்கு அகலம், கண்கள் விலகியவை. அப்படியே வரைந்தால் சிலையின் மூக்கு நடுவில் ஒரு மேடாகத் துருத்திக்கொண்டு தெரியும். சிலையின் மூக்கு மேல் உட்காரும் புலியை வரையுங்கள். அகலத்தை மூக்கின் இரு பக்கமும் படுத்த வெளிர்மயிரின் திசையால் காட்டலாம். வரிகள் கன்னத்தின் வளைவோடு ஓட வேண்டும், குறுக்கே வெட்டக் கூடாது.

பிறகு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். 3 விநாடி மாற்றம் என்றால், 90 ஃப்ரேமை நான் பிரிப்பது இப்படி. முதல் 15 ஃப்ரேம் வெளிச்சம் தாழ்ந்து, முகத்தசை ஒரு முறை இறுகுகிறது. அடுத்து கண் மூடுகிறது. மூக்குத் தண்டில் தொடங்கிப் பரப்பு வழியே வெளிநோக்கிப் பரவும் ஒரு மாஸ்க் 50 ஃப்ரேமில் காது வரை போகிறது. அந்த மாஸ்க்கின் ஓரம் நேர்கோடாக இல்லாமல் நாய்ஸால் (ஒழுங்கற்ற புள்ளிக்கோலத்தால்) கிழிந்திருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் 6 முதல் 8 பிக்சல் அகலத்துக்குப் பரப்பு எழும்பினாற்போல நார்மலைத் (பரப்பு நோக்கும் திசை) தூக்கி ஒரு ஒளிக்கீற்று கொடுங்கள். பார்ப்பவர் கண் அந்த ஓரத்தையே பின்தொடரும், பின்னால் நடந்து முடிந்ததை யாரும் ஒப்பிட மாட்டார்கள். மூடிய இமைக்குள்ளேயே விழியை மாற்றிவிடுங்கள். கடைசியில் புது விழியோடு கண் திறக்கட்டும்.

கிழவி ஆவதற்குப் பரவும் மாஸ்க் வேண்டாம். அங்கே சுருக்கங்களை ஆழத்தின் வரிசையில் கொண்டுவாருங்கள்: முதலில் நெற்றிக் கோடு, பிறகு கண்ணோரம், பிறகு வாயோர மடிப்பு, கடைசியாக நிறம். நிறத்தை முதலில் மாற்றினால் வயதானது போல இருக்காது, வெளிச்சம் மாறியது போல இருக்கும்.

இன்னொன்று, நகரும் பொய் வெளிச்சம். ப்ரொஜெக்டர் நேர் முன்னால் இருப்பதால் சிலையின் சொந்த நிழல்கள் கிட்டத்தட்ட காணாமல் போகும். அது உங்களுக்கு வசதி. மாடலின் மேல் ஒரு விளக்கை இடமிருந்து வலமாக 2 விநாடியில் நகர்த்தி, விழும் நிழல்களோடு ரெண்டர் செய்து பாருங்கள். மூக்கின் நிழல் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு நகரும்போது சிலையே திரும்பியதாகத் தெரியும். கல்லாக மாறிய பிறகு இதை வைத்தால் கல் என்பது முழுசாக நம்பும்படி ஆகும்.

கருமை

அந்தச் சாம்பல் செவ்வகத்துக்குக் காரணம் உங்கள் ப்ரொஜெக்டர் அளவுக்கு மீறி பிரகாசம். படம் 80 × 45 செ.மீ., அதாவது 0.36 சதுர மீட்டர். 3000 லூமெனை அதில் கொட்டினால் 8300 லக்ஸ் (சதுர மீட்டருக்கு லூமென்). உண்மையான கான்ட்ராஸ்ட் 1000:1 என்றே வைத்தாலும் 'கருப்பு' 8 லக்ஸுக்கு வருகிறது, இருட்டறையில் அது பளிச்சென்று தெரியும். ஈகோ மோடுக்கு மாறி, லென்ஸ் முன்னால் ஒளியைக் குறைக்கும் கண்ணாடி என்டி8 ஃபில்டர் வையுங்கள், எட்டில் ஒரு பங்காகும். கருப்பு 1 லக்ஸுக்குக் கீழே போகும், வெள்ளை இன்னும் ஆயிரத்தை ஒட்டி இருக்கும், ஒரு முகத்துக்கு அது தாராளம். ஜெலட்டின் ஃபில்டர் வேண்டாம், சூட்டில் நெளியும். ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவே காற்றோட இடம் விடுங்கள்.

சிலைக்கு வெளியே சிந்தும் ஒளிக்கு, லென்ஸிலிருந்து 10, 15 செ.மீ. தள்ளி ஒரு கருப்பு அட்டையில் சிலையின் வடிவத்தைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டிய துளை. அந்தத் தூரத்தில் அட்டையின் ஓரம் ஃபோகஸில் இருக்காது, எனவே வெட்டு மென்மையாக விழும். பின்னால் கருப்பு வெல்வெட், சிலையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி.

முதலில் இதையும் பாருங்கள்: எச்டிஎம்ஐ ரேஞ்ச், அதாவது கருப்பிலிருந்து வெள்ளை வரை அனுப்பும் எண்களின் வரம்பு. கணினி லிமிடெட் அனுப்பி ப்ரொஜெக்டர் ஃபுல் என்று எடுத்துக்கொண்டால் கருப்பு 0க்குப் பதில் 16இல் நிற்கும். இரண்டும் ஒன்றாக இருந்தாலே பாதிச் சாம்பல் போய்விடும்.

வெள்ளை பெயின்டையும் மாற்றச் சொல்வேன். 85 சதவீதம் ஒளியைத் திருப்பும் வெள்ளையில், கன்னத்தில் பட்ட வெளிச்சம் கண்குழிக்குள் பாய்ந்து அங்குள்ள கருமையைக் கரைத்துவிடும். இரண்டு முறை பட்டுத் திரும்பும் ஒளி 0.85 × 0.85, அதாவது 72 சதவீதம். 50 சதவீதச் சாம்பல் மேட் பெயின்டில் அதே கணக்கு 25. உங்களிடம் வெளிச்சம் மிச்சம் இருப்பதால் சாம்பலால் நஷ்டம் இல்லை. பளபளப்பு துளிகூட இருக்கக் கூடாது.

களிமண்முகம்

மிக்க நன்றி மூவருக்கும். மூன்று சந்தேகங்கள். காதுப்பக்கமும் கழுத்தின் ஓரமும் படம் இழுபட்டு மங்குகிறதே, அதைப் பிரகாசம் கூட்டிச் சரிசெய்யலாமா? எச்.264இல் (வீடியோவைச் சுருக்கும் முறை) எக்ஸ்போர்ட் செய்தால் இருண்ட கன்னத்தில் படிப்படியாகப் பட்டை தெரிகிறது. சிலைக்குப் பதிலாக ஒருவர் அணிந்த வெள்ளை முகமூடியில் இதையே செய்ய முடியுமா?

ஒளிக்கோடு

ஓரம்: பரப்பு ஒளிக்கு 60 பாகை சாய்ந்தால் வெளிச்சம் பாதி, பிக்சல் இரண்டு மடங்கு நீளம். 75 பாகையில் வெளிச்சம் கால் பங்கு, பிக்சல் நாலு மடங்கு. 60 பாகை வரை ஈடுகட்டலாம், ஆனால் அதற்கு முகத்தின் நடுவைப் பாதியாகக் குறைக்க வேண்டும். உங்களிடம் அதற்கு இடம் இருக்கிறது. 65 பாகையைத் தாண்டிய இடத்தில் எதையும் வரையாதீர்கள், 65லிருந்து 70க்குள் படத்தை இருட்டில் கரைத்துவிடுங்கள். மாடலின் நார்மலுக்கும் ப்ரொஜெக்டர் திசைக்கும் உள்ள கோணத்தை வைத்து ஒரு மாஸ்க் எடுத்தால் இது தானாக நடக்கும். காதில் புலி வரி வேண்டும் என்று பிடிவாதம் என்றால் பக்கத்துக்கு இன்னொரு ப்ரொஜெக்டர்தான் வழி. அப்போது கன்னத்தில் இரண்டும் சேரும் இடம் 3, 4 செ.மீ. அகலத்தில் கலக்க வேண்டும், அதில் ஒரு பிக்சல் பிழையும் கண்ணில் படும்.

முகமூடி: அணிந்தவர் உட்கார்ந்து, தலையைப் பின்னால் ஒரு தாங்கியில் அழுத்தி வைத்திருந்தால் முடியும். நடக்க, ஆட விட்டால் தாமதம் கொல்லும். தலை விநாடிக்கு அரை மீட்டர் நகர்கிறது, கேமராவில் தொடங்கி ப்ரொஜெக்டர் வரை மொத்தத் தாமதம் 50 மில்லிவிநாடி என்றால் முகம் 25 மி.மீ. வழுக்கும், அதாவது கண் கன்னத்தில் விழும். டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வகம் இதற்காகவே விநாடிக்கு 1000 ஃப்ரேம் காட்டும் ப்ரொஜெக்டரை உருவாக்கியது. சாதாரணக் கருவியால் அந்த வேகம் வராது. தலையைத் தாங்கியில் வைத்துச் செய்தாலும் முகமூடியின் கண் துளை மூடியிருக்க வேண்டும். அந்தத் தூரத்தில் ஒளிக்கற்றை நேராகக் கண்ணுக்குள் போகக் கூடாது.

மெஷ்நெசவு

பட்டை எச்.264இன் அழுத்தத்தால் வருகிறது. இருண்ட, மெதுவாக மாறும் சாயல்களைத்தான் அது முதலில் வெட்டும். நிறத் தகவலையும் பாதித் துல்லியத்தில் வைப்பதால் உதடு விளிம்பில் சிவப்பு கசியும். குறைவாக அழுத்தும் ஹேப் க்யூ கோடெக்கில் எடுங்கள். 1920×1080, 30 ஃப்ரேமுக்கு விநாடிக்கு அதிகபட்சம் 62 எம்பி, எந்த எஸ்எஸ்டியும் தாங்கும். ரெசொல்யூம் என்ற மென்பொருளில் ஓட்டுவதென்றால் அதன் சொந்தக் கோடெக் டிஎக்ஸ்வி. எதில் எடுத்தாலும் ரெண்டரின் மேல் 1, 2 சதவீதம் நாய்ஸ் தூவுங்கள், 8 பிட்டின் படிகள் மறையும். கல் தோலுக்கு அது அழகும் சேர்க்கும்.

ப்ரொஜெக்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் 30 அல்லது 60 ஃப்ரேமில் வேலை செய்யுங்கள். 24இல் செய்தால் ஒரு ஃப்ரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று காட்டப்படும். விளக்கை நகர்த்தும் அந்தக் காட்சியில் நிழல் தத்தித் தத்தி நகர்வது அப்பட்டமாகத் தெரியும்.

பொருத்தும் வேலையை ப்ரொஜெக்டரைப் போட்டு 30 நிமிடம் ஓடவிட்ட பிறகே தொடங்குங்கள், சூடேறும்போது படம் நகரும். 1.2 மீட்டரில் 0.1 பாகை சாய்ந்தாலே சிலையில் 2 மி.மீ., அதாவது 5 பிக்சல் விலகும். எனவே ஸ்டாண்டின் கால்களில் மணல் மூட்டை, கேபிளை ஸ்டாண்டிலேயே கட்டிவிட்டு அதற்குப் பிறகு தளர்வாகத் தொங்க விடுதல், சிலையின் அடியைப் பலகையில் திருகி முடுக்குதல் மூன்றையும் செய்துவிடுங்கள். ஆன், ஆஃப் எல்லாம் ரிமோட்டில். ப்ரொஜெக்டரின் பட்டனை விரலால் அழுத்தினால் போதும், மறுபடி பொருத்த வேண்டியிருக்கும்.

அதனால்தான் ப்ரொஜெக்டர் பார்வையில் கடைசிப் படத்தை ரெண்டர் செய்து வைக்க வேண்டாம் என்பேன். சட்டகம் சொன்ன இரண்டு யூவிக்கான வீடியோக்களை மட்டும் ரெண்டர் செய்து, ப்ரொஜெக்டர் பார்வையை ஓடும்போதே டச்டிசைனர் கணக்கிடட்டும். ஏதாவது அசைந்தால் 12 புள்ளிகளைத் திரும்ப நகர்த்தினால் போதும். 40 விநாடியின் 1200 ஃப்ரேமையும் மறுபடி ரெண்டர் செய்யும் வேலை மிச்சம்.